கதையில புலிய வில்லனாக்காதீங்க

எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன்ல, கோயில் மண்டபத்துல, புலிய பத்தி என்னப்பா பேச்சுன்னு பெரியவங்க சில பேர் கேட்டாங்க. இருக்குதுங்கய்யா, 1942-ல ஜப்பான்காரன் வந்தப்போ நம்ம சனம் கால்நடையா இந்தியாவுக்குக் கெளம்புச்சுல்ல, அதுல மே மாசம் வடக்க இருக்குற மிச்சினா விமானத் தளமும் ஜப்பான்காரன் கைக்குப் போனதுக்கப்புறம் வேற வழியில்லாம வடகோடி பர்மாவுல ஹூக்காங் பள்ளத்தாக்குல எறங்கி, கொட்டுற மழையில எல்லையில இருக்குற பாங்சௌ கணவாய் ஏறி அஸ்ஸாம் லெடோவுக்குப் போனவங்க ஆயிரக்கணக்குல, போய்ச் சேராதவங்களும் ரொம்ப. அந்தக் காடுதான் புலிக்காடு.

நம்ம பசங்க இப்ப அந்த நடையை வச்சு சரித்திரக் கதை எழுதுறாங்க, மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். படிச்சா, எல்லாத்துலயும் ராத்திரி ஒரு புலி வந்து யாரையாவது இழுத்துட்டுப் போகுது. தம்பிங்களா, அங்க நம்மாளுங்கள கொன்னது மலேரியாவும் வயித்துப்போக்கும் பசியும் ஆத்து வெள்ளமும். அந்தப் பழிய புலி மேல போட்டா செத்தவங்களுக்கும் நியாயம் இல்ல, புலிக்கும் இல்ல.

நிஜப் புலியவே எழுதுங்களேன், அதுலயே கதை இருக்கு. பொட்டப்புலி ஒத்தையில ரெண்டு வருஷம் குட்டிய வச்சுக் காப்பாத்துது, மானோ காட்டுப்பன்னியோ அடிக்கலன்னா குட்டிக்கு சாப்பாடு இல்ல, அதே மழை, அதே சேறு, கீழ பாதையில கைக்குழந்தையோட நம்ம அம்மா ஒருத்தி நடக்குறா. ரெண்டு பேரும் பாத்துக்கவே வேண்டாம், ஒரே காட்டுல இருந்தாங்கன்னு எழுதினாலே போதும், எனக்கு அதுதான் பெரிய கதை.

அந்த ஹூக்காங்கை 2001-ல சரணாலயமா அறிவிச்சாங்க, 2004-ல அதை விரிச்சு பெரிய புலிக் காப்பகமாக்க முடிவாச்சு. காகிதத்துல பெருசுதான். உள்ள தங்கச் சுரங்கம், தோட்டத்துக்குன்னு காட்ட அழிக்கிறது, எலும்புக்கும் தோலுக்கும் வேட்டை, அதுக்கு மேல சண்டை, ரோந்து போறவங்க உசிர கையில புடிச்சுக்கிட்டுதான் போகணும். ஒவ்வொரு புலிக்கும் வரி வேற வேற, நம்ம கைரேகை மாதிரி, அத வச்சுதான் கேமராவுல எண்ணுறாங்க. 2016-லேர்ந்து 2018 வரைக்கும் இந்த நாட்டுக் காடுகள்ல கொஞ்ச பகுதியில கேமரா வச்சதுல அடையாளம் தெரிஞ்சது 22 புலி. சோழன் கொடியில புலின்னு மார் தட்டுறோம், நாம வாழுற மண்ணுல எண்ணிப் பாத்தா இவ்வளவுதான் தெரியுது, எனக்கு வயித்த கலக்குது.

அதனால ஒண்ணு கேக்குறேன். இந்தக் கதைகள ஒரே புஸ்தகமா போடுவோம், வர்ற பணத்த காட்டுல ரோந்து போறவங்களுக்கும் கேமராவுக்கும் குடுப்போம். அப்புறம் அக்காமாரே, வீட்டுல தாத்தா அப்பாயி யாராவது அந்த நடைய பத்தி சொல்லக் கேட்டவங்க இருந்தா இந்த வாரமே போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, எந்த ஆறு, எந்த ஊரு, காட்டுல என்ன சத்தம் கேட்டுச்சு, எல்லாத்தையும் கேளுங்க. எழுதுற பசங்களுக்கு அது வேணும்.