ஒரு சொல்லை நீட்டிய பெரோட்டின்

வணக்கம் நேயர்களே. கிறிஸ்துமஸ் காலத்தில் நான் தவறாமல் கேட்கும் ஒரு பாடல் உண்டு. 'விதேருந்த் ஓம்னெஸ்'. லத்தீனில் 'எல்லாரும் கண்டார்கள்' என்று பொருள். 98ஆம் சங்கீதத்தின் வரி. இதை நான்கு குரல்களுக்கு அமைத்தவர் பெரோட்டின். பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் இசையமைப்பாளர்.

அவர் பெயர் நமக்குக் கிடைத்ததே 13ஆம் நூற்றாண்டில் ஒருவர் எழுதிவைத்த இசை நூலால்தான். அந்த ஆசிரியரின் பெயர் தெரியாததால் 'நான்காம் அநாமதேயர்' என்கிறார்கள். லியோனின் என்பவர் தொகுத்த பெரும்பாடல் நூலைப் பெரோட்டின் சுருக்கிச் செப்பனிட்டார் என்று அவர் சொல்கிறார்.

லியோனின் காலத்து இசையில் பெரும்பாலும் இரண்டு குரல்கள்தான். பழைய கோயில் மெட்டைக் கீழ்க்குரல் நீட்டிப் பிடிக்கும், மேலே இன்னொரு குரல் ஓடும். பெரோட்டின் மேலே மூன்று குரல்களை ஓடவிட்டார். நீட்டிப் பிடிக்கும் அந்தக் கீழ்க்குரலுக்கு டெனர் என்று பெயர், அந்தச் சொல்லுக்கு மூலமே 'பிடித்துக்கொள்' என்ற லத்தீன் வினைதான். 'வி' என்ற முதல் அசையைக் கீழ்க்குரல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மேலே மூவரும் துள்ளித் துள்ளிப் பாடுகிறார்கள். ஒருவர் பாடிய துணுக்கை அடுத்தவர் வாங்கிக்கொள்கிறார், இவருடையதை அவர் எடுத்துக்கொள்கிறார். நெடிலும் குறிலும் மாறி மாறி வருகிற தாளக்கட்டு. அது இல்லாவிட்டால் நான்கு பேர் சேர்ந்து நிற்கவே முடியாது. அந்தத் தாளத்தை ஏட்டில் குறிக்க வழி கண்டதும் இந்தப் பாரிஸ்காரர்கள்தான். என்னைக் கேட்டால், அவர்களுடைய பெரிய சாதனை அதுதான்.

1198இல் பாரிஸ் ஆயர் ஓதோ ஓர் ஆணை பிறப்பித்தார். ஜனவரி 1ஆம் தேதி ஆலயத்துக்குள் நடந்த கூத்தும் கும்மாளமும் அடங்க வேண்டும். மூன்று, நான்கு குரல் பாட்டு இருக்கலாம் என்றார். இந்தப் பாடலும் நான்கு குரல் பாட்டு என்பதால், இதன் காலத்தைக் கணிக்க அந்த ஆணைதான் கை கொடுக்கிறது. 1163இல் தொடங்கிய கட்டட வேலை அப்போதும் முடிந்திருக்கவில்லை. பாதி எழுந்த அந்தக் கல் மண்டபத்தில் இந்தக் குரல்கள் எப்படி முழங்கியிருக்கும்!

பிளாரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கும் 13ஆம் நூற்றாண்டு ஏட்டில் முதல் பாடலே இதுதான். முழுதும் கேட்க 11, 12 நிமிடம் ஆகும். அதில் முதல் சில நிமிடங்கள் போன பிறகும் இரண்டே சொற்கள்தான் முடிந்திருக்கும். அப்புறம் நான்கு குரலும் ஓய்ந்து, பாடகர் குழு முழுவதும் ஒரே குரலாகப் பழைய மெட்டை எடுக்கும். அந்த இடத்தைத் தவறவிடாமல் கேளுங்கள்.