ராஜாவுக்குப் பிறந்தநாள், நமக்கு லீவு

நேயர்களுக்கு வணக்கம்.

போன திங்கட்கிழமை உங்களில் பலர் வீட்டில் இருந்திருப்பீர்கள். ராஜாவின் பிறந்தநாள் விடுமுறை. மூன்றாம் சார்லஸ் உண்மையில் பிறந்தது நவம்பர் 14-ஆம் தேதி. நாம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஜூன் மாதம் இரண்டாவது திங்களன்று கொண்டாடுகிறோம். குவீன்ஸ்லாந்துக்காரர்கள் அக்டோபரில் கொண்டாடுகிறார்கள். கொண்டாடுகிறோம் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். அன்றைக்கு எம்.சி.ஜி. மைதானத்தில் காலிங்வுட், மெல்பர்ன் அணிகள் மோதும் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டம். பனிச்சறுக்குப் பிரியர்களுக்கு மலையில் பருவம் தொடங்கும் வார இறுதி. ராஜாவை நினைத்துக்கொண்டு யாரும் ஒரு வாய் கேக் சாப்பிட்டதாக எனக்குத் தகவல் இல்லை.

என் மாமனார் ஊரிலிருந்து முதல்முறை இங்கே வந்திருந்தபோது, பால் வாங்கிய கடையில் மீதி கொடுத்த நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது ராணி இருந்த காலம். "இன்னுமா இந்தம்மா?" என்றார். ஆறாம் ஜார்ஜின் தலை போட்ட காலணாவை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடிய தலைமுறை அவர். "நாம அனுப்பி வச்சு எத்தனை வருஷமாச்சு! இவங்களுக்கு ரோஷமே கிடையாதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் நிறையப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இன்றைக்கு அதற்குத்தான் பதில் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.

முதலில் அந்த ரோஷம் என்ற அளவுகோலைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டும். நமக்கு வெள்ளைக்காரன் என்றால் எங்கிருந்தோ வந்து நம் தலைமேல் உட்கார்ந்தவன். இங்கே பெரும்பாலானவர்கள் அவனுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 2021 கணக்கெடுப்பில்கூட மூன்றில் ஒருவர் தன் வம்சம் இங்கிலீஷ் வம்சம் என்று எழுதியிருக்கிறார். பிறந்த வீட்டை எதிர்த்து யாராவது விடுதலைப் போர் நடத்துவார்களா? தனிக்குடித்தனம்தான் போவார்கள். 1901 ஜனவரி 1-ஆம் தேதி ஆஸ்திரேலியா போனதும் அப்படித்தான். இந்த நாட்டின் அரசியல் சட்டமே லண்டன் பார்லிமெண்ட் 1900-ல் நிறைவேற்றிய ஒரு சட்டத்துக்குள் இருக்கிறது. குடித்தனம் தனி, பட்டா மட்டும் கூட்டுப் பட்டா.

அந்தக் கூட்டுப் பட்டாவிலிருந்து பின்னால் ஒவ்வொரு சர்வே நம்பராகப் பிரிந்து வந்தது. அந்தக் கதையைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: முக்கியமான கட்டங்களில் முதலில் கையை உதறியது பிள்ளை இல்லை, தாய்வீடுதான்.

இரண்டாம் உலகப் போர் வரைக்கும்கூட, கப்பலில் ஒருநாளும் ஏறியிராத ஆஸ்திரேலியர்கள் இங்கிலாந்தை 'ஹோம்' என்று சொல்வது சகஜம். 1914-ல் எதிர்க்கட்சித் தலைவர் ஆண்ட்ரூ ஃபிஷர் பேசினார்: பிரிட்டனைக் காக்க எங்கள் கடைசி மனிதனையும் தருவோம், கடைசி ஷில்லிங்கையும் தருவோம் என்று. சில வாரங்களில் அவரே பிரதமரும் ஆனார். அப்போது இங்கே மொத்த ஜனத்தொகை 50 லட்சத்தைத் தொடவில்லை. அந்த முதல் உலகப் போரில் செத்தவர்கள் சுமார் 60,000 பேர். துருக்கியின் கலிப்போலியில் மட்டும் 8,000-க்கு மேல். எந்தச் சிற்றூருக்குப் போனாலும் நடுவில் ஒரு கல் நிற்கிறது பாருங்கள், ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று தடவை வெட்டியிருக்கும். நான் அந்தப் பெயர்களைப் படிக்காமல் நகர்வதில்லை.

எல்லோரும் அப்படி உருகினார்கள் என்று நினைக்கக் கூடாது. பிரிட்டன்மேல் பழைய கசப்புள்ள ஐரிஷ் கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். கட்டாய ராணுவ சேவை வேண்டுமா என்று 1916-லும் 1917-லும் மக்களிடம் கேட்டார்கள். இரண்டு தடவையும் வேண்டாம் என்றே வந்தது. அந்த எதிர்ப்பில் முன்னால் நின்ற ஒருவர் மெல்பர்ன் பேராயர் டேனியல் மானிக்ஸ், அயர்லாந்தில் பிறந்தவர். 1920-ல் அவர் பிறந்த மண்ணைப் பார்க்கக் கப்பலில் போனபோது, அங்கே கால் வைக்க விடாமல் பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடலிலேயே அவரைப் பிடித்து இங்கிலாந்தில் இறக்கியது. ஒரு பாதிரியாரைப் பிடிக்கப் போர்க்கப்பல்!

சரி, 1942-க்கு வருகிறேன். நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்பும் இடம் இது.

1939-ல் போர் வந்தபோது பிரதமர் மென்சீஸ் வானொலியில் சொன்னது: பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்திருக்கிறது, அதன் விளைவாக ஆஸ்திரேலியாவும் போரில் இருக்கிறது. 'அதன் விளைவாக' என்ற அந்த ஒரு சொல்லில் பழைய உறவு முழுவதும் இருக்கிறது. தெற்கே பிரிட்டனின் பெரிய நம்பிக்கை சிங்கப்பூர் கோட்டை. ஜப்பான் வந்தால் அங்கேயே தடுத்துவிடுவோம், கவலைப்படாதீர்கள் என்று இவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. சுமார் 15,000 ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் ஒரே நாளில் கைதிகள். நாலே நாளில் டார்வின் மீது குண்டு விழுந்தது.

அதற்கு முன்பே, 1941 டிசம்பர் 27-ஆம் தேதி, பிரதமர் ஜான் கர்ட்டின் மெல்பர்ன் பத்திரிகை ஒன்றில் எழுதிவிட்டார்: ஆஸ்திரேலியா இனி அமெரிக்காவை நோக்கிப் பார்க்கிறது, பிரிட்டனோடு உள்ள பழைய உறவை எண்ணி எந்தத் தயக்கமும் இல்லை என்று. சர்ச்சிலுக்குக் கோபம். மத்திய கிழக்கில் சண்டையிட்டுக்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் படை ஊர் திரும்பக் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதைப் பர்மாவுக்கு அனுப்புங்கள் என்றார் சர்ச்சில். முடியாது என்றார் கர்ட்டின். பதில் வருவதற்குள் கப்பல்களை ரங்கூன் பக்கம் திருப்பியே விட்டார்கள்! கர்ட்டின் விடவில்லை. திரும்பி வரும் வழியில் எண்ணெய் போடக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. அந்தக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து வந்து சேரும்வரை கர்ட்டினுக்கு ராத்தூக்கம் இல்லை என்பார்கள். தாய்வீட்டுக்கு 'மாட்டேன்' என்று சொல்லவும் முடியும் என்று அன்றைக்குத்தான் இவர்களுக்குத் தெரிந்தது.

ஆனால் மனசு அத்தனை சீக்கிரம் மாறுமா? 1954-ல் இளம் ராணி எலிசபெத் கணவரோடு வந்தார். நாட்டில் நாலில் மூன்று பேர் அவரை நேரில் பார்த்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். 1963-ல் புது நாணயத்துக்குப் பெயர் வைக்கும்போது 'ராயல்' என்று வைக்கலாம் என்று மென்சீஸ் அரசாங்கம் அறிவித்தது. ஊரே சிரித்தது. டாலர் என்று மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு முக்கியமாகப் படுகிறது. ஒன்பது வருஷத்தில் ஏதோ நடந்திருக்கிறது.

அதே காலத்தில் பிரிட்டனிலிருந்து பத்தே பவுண்டு கட்டணத்தில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். போருக்குப் பிறகு அப்படி வந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 'பத்து பவுண்டு பாமி' என்று இவர்களுக்குப் பெயர்; பாமி என்பது பிரிட்டிஷ்காரருக்கு இங்கே வைத்த பட்டப்பெயர். வெயில், ஈ, சரியான டீ கிடைக்கவில்லை என்று எப்போதும் புலம்புகிறவர்கள் என்ற கேலியும் சேர்ந்தே வந்தது. சிலர் திரும்பிப் போய், அங்கே குளிர் தாங்காமல் மறுபடி வந்தார்கள். அவர்களுக்குப் பூமராங் என்று பெயர். ஜூலியா கில்லார்ட், டோனி அபோட், இரண்டு பிரதமர்களும் பிரிட்டனில் பிறந்து குழந்தையாக வந்தவர்கள்தான்.

அப்புறம் வந்தது 1973 ஜனவரி 1. பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்தது. தாஸ்மானியாவுக்கு ஆப்பிள் தீவு என்றே பெயர். அந்த ஆப்பிள் லண்டனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வாங்க ஆள் இல்லை. தாத்தா நட்ட மரங்களை வேரோடு பிடுங்க அரசாங்கமே பணம் கொடுத்தது. வெண்ணெய்க்காரர்களுக்கும் டப்பாப் பழக்காரர்களுக்கும் இதே கதி. போருக்குப் பிள்ளைகளை அனுப்பியவன் லண்டன் விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர் வரிசையில் நின்றான். எதிரியாக இருந்த ஜெர்மன்காரன் பக்கத்து வரிசையில் சிரித்துக்கொண்டு போனான். வயதான ஆஸ்திரேலியர்கள் சிலர் இன்றும் பொருமுவது இந்த வரிசையை நினைத்துத்தான், ராஜாவை நினைத்து அல்ல.

1975-ல் ராணியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர், மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் கஃப் விட்லமை வீட்டுக்கு அனுப்பினார். நம் ஊர் ஆளுநர் கதைகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதில்லை என்பதால் நீட்டவில்லை.

சட்டத்தில் மிச்சம் இருந்த நூலை 1986 மார்ச்சில் அறுத்தார்கள். அதன்பின் லண்டன் பார்லிமெண்ட் இந்த நாட்டுக்குச் சட்டம் போட முடியாது, லண்டனுக்கு மேல்முறையீடும் கிடையாது. இதற்கு அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. குவீன்ஸ்லாந்தில் ஹெதர் ஹில் என்பவர் செனட்டுக்கு ஜெயித்தார். ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியிருந்தார். பிரிட்டிஷ் குடியுரிமையை விடவில்லை. வழக்கு நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 1999 ஜூனில் தீர்ப்பு: பிரிட்டன் ஓர் அந்நிய நாடு, எனவே தேர்வு செல்லாது. அதே வருஷம் நவம்பர் 6-ஆம் தேதி குடியரசு வாக்கெடுப்பு. ஏறத்தாழ 55 சதவீதம் பேர் 'வேண்டாம், ராணியே இருக்கட்டும்' என்றார்கள். ஒரு மாநிலத்தில்கூடக் குடியரசு ஜெயிக்கவில்லை. ஜூனில் அந்நிய நாடு, நவம்பரில் அங்கே குடியிருக்கும் அம்மாவே நம் தலைவர்! சட்டம் படித்தவர்கள் விளக்குவார்கள்: அவர் ஆஸ்திரேலியாவின் ராணி, பிரிட்டனின் ராணி வேறு, இரண்டு பேரும் ஒரே உடம்பில் இருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று. என் மாமனாரிடம் இதைச் சொன்னேன். "நம்ம சாமிகளை விடச் சிக்கலா இருக்கே" என்றார்.

ராணி மேல் இருந்த பாசம் மட்டும் காரணமல்ல. ஜனாதிபதியைப் பார்லிமெண்ட் தேர்ந்தெடுக்கும் என்பதுதான் அன்று வைத்த திட்டம். நாங்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற குடியரசுவாதிகள் பலர் அதற்கு எதிராகக் குத்தினார்கள். ஆஸ்திரேலியனுக்கு ராஜாவைவிட அரசியல்வாதி மேல்தான் அவநம்பிக்கை அதிகம் என்பது என் கணிப்பு.

குடியுரிமை வாங்கிய நேயர்கள் அந்த நாளை நினைத்துப் பாருங்கள். கவுன்சில் மண்டபம், மேயர், கையில் ஒரு செடி. நாம் உறுதி சொன்னது ஆஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும். 1994-க்கு முன் குடியுரிமை வாங்கியவர்கள் ராணிக்குச் சொன்னார்கள். ஆனால் இன்றும் ஒருவர் எம்.பி. ஆனால், ராஜாவுக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்லாமல் நாற்காலியில் உட்கார முடியாது. 2022-ல் பழங்குடிச் செனட்டர் லிடியா தோர்ப் 'காலனியாக்கிய மாட்சிமை' என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்ல, மறுபடி ஒழுங்காகச் சொல்ல வைத்தார்கள். 2024 அக்டோபரில் சார்லஸ் கான்பெரா வந்தபோது 'நீர் என் ராஜா இல்லை' என்று கத்தியவரும் அவரே.

மாமனார் கேட்ட ரோஷம் இருப்பது அங்கேதான். பழங்குடி மக்களுக்கு இது பாகப்பிரிவினைக் கதை அல்ல, நிலம் பறிபோன கதை. 1950-களில் தெற்கு ஆஸ்திரேலியாவின் மரலிங்காவில் பிரிட்டன் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது அவர்கள் மண்ணில். இடம் கொடுத்தது மென்சீஸ் அரசாங்கம். 1770-ல் கேப்டன் குக் பாட்டனி விரிகுடாவில் எடுத்துப்போன சுமார் 40 ஈட்டிகளில் மிச்சமிருந்த நாலை, 2024-ல்தான் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்று அந்த மக்களிடம் திருப்பிக் கொடுத்தது. 254 வருஷம்!

மற்றவர்களின் உணர்ச்சியெல்லாம் கிரிக்கெட்டில்தான் வடிகிறது. 1933 ஜனவரி, அடிலெய்ட். ஆஷஸ், அதாவது இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் டெஸ்ட் தொடர். ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணி உடம்பைக் குறிவைத்துப் பந்து போட்டது. ஆஸ்திரேலியக் கேப்டன் உட்ஃபுல்லுக்கு நெஞ்சில் அடி, அவர் அணியின் ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டை உடைந்தது. தந்திக்குத் தந்தி பறந்து விஷயம் இரண்டு அரசாங்கம் வரை போனது. பந்து போட்ட ஹரால்ட் லார்வுட் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை. மன்னிப்புக் கேள் என்று பெரிய மனிதர்கள் சொன்னார்கள். கேப்டன் சொன்னதைத்தான் செய்தேன் என்று மறுத்துவிட்டார். அதோடு இங்கிலாந்து அணி அவரைக் கைவிட்டது. 1950-ல் மனைவி, ஐந்து பெண்களோடு அவர் கப்பலேறி வந்த ஊர் எது தெரியுமா? சிட்னி. இவர்கள் வரவேற்று வைத்துக்கொண்டார்கள். 1995-ல் தன் 90-ஆவது வயதில் இங்கேதான் கண்ணை மூடினார்.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பத்து பவுண்டு பாமி. 1966-ல் இருபது வயதில் வந்தவர். இத்தனை வருஷமாகியும் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கவில்லை. ஆனால் தவறாமல் ஓட்டுப் போடுகிறார். 1984 ஜனவரி 25-க்குள் பட்டியலில் பேர் இருந்த பிரிட்டிஷ் பிரஜைக்கு அந்த உரிமை உண்டு. குடியரசு வாக்கெடுப்பில் 'வேண்டும்' என்றுதான் போட்டாராம். "அப்ப குடியுரிமையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?" என்று ஒருநாள் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டேன். தோட்டத்துக் குழாயை மூடிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"வாங்கிவிட்டால் ஆஷஸில் யாருக்குக் கை தட்டுவது?" என்றார்.

வணக்கம்.