பின்னால் பார்க்க ஆளில்லை

அவையோர்க்கு வணக்கம்.

ஸ்காட் ஹெல்வென்ஸ்டன் என்றதும் பலரும், ஈராக்கின் ஃபலூஜா நகரில் கொல்லப்பட்ட அமெரிக்கக் காவலர்களின் உடல்களைப் பாலத்தில் தொங்கவிட்ட படத்தைத்தான் சொல்கிறார்கள். அந்தப் படம் இருக்கட்டும். அவரை ஏற்றிச் சென்ற வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

17 வயதிலேயே அமெரிக்கக் கடற்படையின் சீல் எனும் சிறப்பு அதிரடிப் படைப் பயிற்சியைத் தாங்கி முடித்தவர் அவர். 12 ஆண்டு சேவைக்குப் பின் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 2004 மார்ச்சில், 38 வயதில், பிளாக்வாட்டர் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒப்பந்தக் காவலராக ஈராக் போனார். கூலி நாளொன்றுக்கு 600 டாலர்.

மார்ச் 31. சமையற்கூடச் சாமான் ஏற்றிவரப் போன காலி லாரிகளுக்குக் காவலாக இரண்டு மிட்சுபிஷி பஜேரோக்கள். அவற்றில் நான்கே பேர். கவசத் தகடு கிடையாது. சாதாரணக் காரின் கதவை ஏகே துப்பாக்கித் தோட்டா எளிதாகத் துளைத்துவிடும்.

இந்த வேலையில் வண்டிக்கு மூன்று பேர் வேண்டும். ஓட்டுநரின் கை ஸ்டீயரிங்கை விடக்கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு வழி, வயர்லெஸ், முன்புறக் கண்காணிப்பு. மூன்றாமவர் இயந்திரத் துப்பாக்கியோடு பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, பின்னால் வரும் வண்டிகளை நெருங்கவிடாமல் பார்க்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். நகர நெரிசலில் வண்டி நின்றால் கொலைகாரன் நடந்தே வந்து சுடலாம். அன்று ஃபலூஜா நடுத்தெருவில் பின்னாலிருந்துதான் சுட்டார்கள். எவ்வளவு பயிற்சி பெற்ற வீரனுக்கும் தலைக்குப் பின்னால் கண் கிடையாதே!

அந்த மூன்றாமவர்கள் எங்கே? ஆறு பேர் குழுவில் இருவரை அலுவலக வேலைக்கென்று முகாமிலேயே நிறுத்திக்கொண்டார்கள் என்கிறது 2007-இல் வந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு அறிக்கை. வழி தெரியாமல் இவர்கள் முந்தைய நாள் வேறொரு ராணுவ முகாமில் போய்த் தங்கியதையும் அது பதிவு செய்கிறது. பிளாக்வாட்டருக்கு மேலே ரீஜென்சி என்ற குவைத் நிறுவனம், அதற்கு மேலே உணவு வழங்கும் இஎஸ்எஸ், உச்சியில் அமெரிக்க ராணுவத்தின் பெரிய ஒப்பந்தக்காரரான கேபிஆர் என்று ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம். ஒவ்வொரு படியிலும் லாபம் எடுத்த பிறகு, கடைசிப் படியில் சிக்கனம் பிடிக்க மிச்சம் இருப்பவை ஆளும் தகடும்தான். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

அவரோடு ஜெர்ரி சோவ்கோ, வெஸ்லி பட்டலோனா, மைக்கேல் டீக் ஆகியோரும் மாண்டார்கள். ஏப்ரல் 4-இல் அமெரிக்க மரைன் படை அந்த நகரைச் சூழ்ந்து போர் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் சாவு ராணுவத்தின் உயிரிழப்புக் கணக்கில் சேராது.

2005-இல் நால்வரின் குடும்பத்தார் பிளாக்வாட்டர் மீது வழக்குப் போட்டார்கள். நிறுவனமோ அவர்கள் தரப்பின் மீதே ஒரு கோடி டாலர் கேட்டு எதிர்வழக்காடி, விவகாரத்தை மூடிய அறை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோனது. 2012-இல் சமரசம். அந்த இருவரை ஏன் நிறுத்தினீர்கள் என்று ஜூரியின் முன்னே நிறுத்தி யாரையும் கேட்கவே இல்லை.