சேற்றில் பழகிய கால் மணலில் என்ன செய்யும்? நமீப் பாலைவனத்தில் ஒரு ஜீப் பயணம்

[காட்சி: மழையில் ஒரு தோட்டப் பாதை. ஜீப்பின் பின்சக்கரம் சேற்றில் சுழல்கிறது.]

வணக்கம். இது இலங்கை மலையகத்தில், வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாதை. கொழுந்து லொறி ஏறி இறங்கி உழுதுபோட்ட சேறு. இங்கே சக்கரம் வழுக்கினால் நாம் ஆக்சிலேட்டரை விடமாட்டோம். சக்கரம் சுற்றச் சுற்ற டயர் பட்டையில் அப்பிய சேறு தெறித்துப்போகும், அடியில் கெட்டி மண் பிடிபடும், வண்டி நகரும். மலையில் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கால் தானாகவே இதைச் செய்யும்.

அதே காலோடு நான் நமீபியாவில் ஒரு மணல்மேட்டில் ஏறினேன். சில விநாடிதான். பின் அச்சு மணலில் உட்கார்ந்துவிட்டது. வழிகாட்டியோடு கடலோரப் பாலைவனத்தைக் கடக்கும் பயணம் எப்படி நடக்கிறது, மலையகத்திலிருந்து போகிறவர் எந்தப் பழக்கத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

[காட்சி: ஆபிரிக்காவின் தென்மேற்குக் கரை, வரைபடம்.]

நமீப், அங்கோலாவிலிருந்து தென்னாபிரிக்கா வரை ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் கடலை ஒட்டியே போகிறது. கடல் பக்கத்தில் இருந்தும் ஏன் மழை இல்லை? காரணமே அந்தக் கடல்தான். தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா நீரோட்டம் குளிர்ந்தது. அதன் மேலிருக்கும் காற்றும் குளிர்ந்து, கனத்து, தாழ்வாகவே கிடக்கிறது. மேலே எழும்பினால்தானே மழை? நம் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி மேலே ஏறுவதால் வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டுகிறது. நமீப் கரையில் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 20 தேறுவது கஷ்டம்.

ஆனால் பனிமூட்டம் இரண்டு இடத்திலும் உண்டு. முதல் நாள் காலை கூடாரத்தைத் திறந்தபோது ஹட்டனில் கண் விழித்த மாதிரியே இருந்தது. துணி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. மேட்டு உச்சியில் ஒரு கறுப்பு வண்டு, தலையைத் தாழ்த்தி, முதுகைப் பனிக்காற்றுக்குக் காட்டி நின்றது. முதுகில் துளி சேர்ந்து, மெதுவாக வழிந்து, நேரே வாய்க்குப் போகிறது. அதற்கு அதுதான் குடிதண்ணீர். மணலில் முழங்காலிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

[காட்சி: டயர் வால்வு. காற்று இறங்கும் சத்தம்.]

சரி, வண்டிக்கு வருவோம். மணலுக்குள் இறங்குமுன் செய்கிற முதல் வேலை காற்றை இறக்குவது. 32, 35 psi காற்றழுத்தத்தில் ஓடுகிற டயரை 15 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். டயர் தட்டையாகி, மணலைத் தொடும் பரப்பு நீளமாகிறது. பாரம் பரவினால் வண்டி புதையாது. ஒன்று மட்டும் கவனம்: குறைந்த காற்றில் சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

நான் புதைந்தபோது வழிகாட்டி வோக்கி டோக்கியில் சொன்னது இவ்வளவுதான்: "காலை எடுங்கள்." மணலுக்கு அடியில் கெட்டித் தரை எதுவும் இல்லை. சுற்றுகிற சக்கரம் குழிதான் தோண்டும். சக்கரத்தைச் சுற்றி மண்வெட்டியால் மணலை வழித்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்தோம். அந்தத் தடம் ஏற்கெனவே அழுந்தியிருப்பதால் வண்டியைத் தாங்கும். நிறுத்தும்போதும் பிரேக்கை மிதிக்காமல் வண்டியைத் தானாக நிற்கவிட வேண்டும். மிதித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, மறுபடி கிளம்பவிடாது.

அப்புறம் சரிவு. நம் பாதைகள் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். மணல்மேட்டில் அப்படிப் பக்கவாட்டில் போனால் வண்டி உருண்டுவிடும். நேரே ஏறி, நேரே இறங்க வேண்டும். காற்று வீசும் பக்கம் சாய்வு குறைவு, மணலும் இறுகியிருக்கும். மறுபக்கம் 30 பாகைக்கு மேல் செங்குத்தாக விழும். அதில் இறங்கும்போது வண்டியின் பின்பக்கம் ஒதுங்கத் தொடங்கினால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து நேராக்க வேண்டும். கடவளை இறக்கத்தில் பிரேக்கை நம்பி வளர்ந்த எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. நான்காவது மேட்டில்தான் கால் சொன்னதைக் கேட்டது.

வழிகாட்டி ஏன் கட்டாயம்? லூடரிட்ஸ் பக்கம் 1908இல் வைரம் கிடைத்ததும் அந்தப் பகுதி தடைசெய்யப்பட்ட நிலமானது. இன்று இந்தக் கரையின் பெரும்பகுதி தேசியப் பூங்கா. நமீப் மணற்கடல் 2013இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. வால்விஸ் பேக்குத் தெற்கே சாண்ட்விச் ஹார்பரில் மணல்மேடு நேரே கடலில் விழுகிறது. வற்று நேரம் தெரிந்தவர்தான் அந்த இடுக்கு வழியாக வண்டிகளைக் கூட்டிப்போக முடியும். தெரியாதவர் வண்டி அலைக்குள் நிற்கும். சரளைச் சமவெளியில் முன்வண்டியின் தடத்தை விட்டு ஓர் அடி விலகக்கூடாது. அங்கே ஒரு டயர்த் தடம் பல பத்தாண்டுகள் அழியாது, மண்ணைப் போர்த்தியிருக்கும் பாசிப்பூஞ்சையும் நசுங்கினால் சீக்கிரம் திரும்பாது.

[காட்சி: மணலில் பாதி புதைந்த கப்பல்.]

இது எட்வார்ட் போலன். 1909இல் பனிமூட்டத்தில் தரைதட்டிய ஜெர்மன் கப்பல். கரை மெல்ல மெல்லக் கடலுக்குள் நகர்ந்துவிட்டதால், இப்போது தண்ணீரிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே கிடக்கிறது. நாங்கள் அதைச் சுற்றி நடந்தபோது யாரும் பேசவில்லை.

இரவு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் தங்கினோம். மணலில் கூடார முளை நிற்காது. பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைக்க வேண்டும். தண்ணீர், விறகு எல்லாம் கொண்டுபோனதுதான். குப்பை முழுவதும் திரும்ப நம்மோடுதான் வரும். சப்பாத்தை வெளியே விடாதீர்கள், நரி தூக்கிக்கொண்டு போய்விடும்.

தார் ரோட்டுக்கு வந்ததும் கம்ப்ரஸர் போட்டுக் காற்றை நிரப்பினார்கள். இதைப் பார்த்துவிட்டு நம் தோட்டப் பாதையில் காற்றை இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டாம். அங்கே இருப்பது மணல் இல்லை, கூர்க்கல். இளகிய டயரின் பக்கவாட்டை ஒரே கல் கிழித்துவிடும்.