விடை தெரியாத வினாவின் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

"பல்கலைக்கழகத்தில் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்வியை நான் ஒருபோதும் குறைவாக எண்ணியதில்லை. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் குடும்பம் அதைக் கேட்டே தீர வேண்டும். எனினும், வேலைக்கான பயிற்சியைக் குறுகிய காலப் படிப்புகளும் தருகின்றன. பல்கலைக்கழகத்திடம் மட்டும் கிடைப்பது எது என்பதே நான் நெடுநாளாகச் சிந்தித்து வருவது.

1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் தோன்றக் காரணமாயிருந்த வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட், ஆசிரியர் மாணவருக்காக இருப்பவர் அல்லர், இருவருமே அறிவுக்காக இருப்பவர்கள் என்று கருதினார். இதன் பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு நிகழ்ச்சி. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1966இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் பிராக்கும் அவருடைய இளங்கலை மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளில் உயிர்கள் எவ்வாறு வாழ்கின்றன என்று ஆராய்ந்தார்கள். கை வைத்தால் வெந்துபோகும் நீரில், சுமார் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் செழிக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார்கள். விடை ஆசிரியருக்கும் தெரியாது, மாணவருக்கும் தெரியாது, பாடநூலிலும் இல்லை. இதனால் என்ன பயன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், அவர்களால் எதையும் காட்டியிருக்க முடியாது.

1983இல், ஒரு தனியார் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி மல்லிஸ், டி.என்.ஏ.வைக் கோடிக்கணக்கான மடங்காகப் பெருக்கும் முறையை வகுத்தார். அம்முறையில் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 95 பாகை வரை சூடேற்ற வேண்டும். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் சாதாரண நொதி அந்தச் சூட்டில் சிதைந்துவிடுவதால், சுற்றுதோறும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அத்தடையை நீக்கியது அந்த வெந்நீர்ப் பாக்டீரியாவின் நொதிதான். பெருந்தொற்றுக் காலத்தில் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பி.சி.ஆர். பரிசோதனை இம்முறையின் வழி வந்ததுதான்.

பயன் பின்னால் வந்தது என்பதைவிட, அந்த ஊற்றங்கரையில் ஓர் இளங்கலை மாணவர் இருந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. மீண்டும் சொல்கிறேன்: இளங்கலை மாணவர். தம் ஆசிரியருக்கே தெரியாத ஒன்றை அவரோடு சேர்ந்து தேடி, சான்று போதுமா என்று ஐயுற்று, பிழையைத் திருத்திக்கொள்ளும் பழக்கத்தை ஒருவர் இருபது வயதில் பெற்றுவிட்டால், அவர் எந்த வேலைக்குச் சென்றாலும் அது அவரை விட்டு நீங்காது. வரலாறு படிப்பவருக்கு ஆவணக் காப்பகமும், இலக்கியம் படிப்பவருக்கு அச்சேறாத சுவடியும் அத்தகைய ஊற்றுகளே.

செயற்கை நுண்ணறிவு பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. பிறர் எழுதி வைத்தவற்றில் பயின்ற அக்கருவிகள் நொடியில் விடை தருகின்றன. அவ்விடை சரியா என்று சோதிக்கத் தெரிந்தவர்களின் தேவை அதனால் கூடியிருக்கிறது. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களும் பெற்றோரும் வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்கும்போதே, இளங்கலை மாணவருக்கு அங்கே ஆய்வில் பங்கு உண்டா என்பதையும் கேளுங்கள். நன்றி, வணக்கம்.