காக்காய்க் குளியல் போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

அவசரத்தில் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு வெளியே வருகிறவரைப் பார்த்து, 'என்ன, காக்காய்க் குளியலா?' என்று கேட்பது நம் வழக்கம். கேலியை விட்டுவிட்டு ஒரு காக்கை குளிப்பதை நின்று பாருங்கள். தலையை முக்கி எடுக்கும். சிறகை நாலு தட்டு தட்டி, தண்ணீரை முதுகுப்பக்கம் தெறிக்கவிடும். பிறகு சுவர்மேல் போய் உட்கார்ந்து, குளித்த நேரத்தைப்போலப் பல மடங்கு நேரம் இறகைக் கோதிக்கொண்டிருக்கும். பறவைக்கு அதுதான் முழுக்குளியல். புதிதாக வந்த கிளி குளிக்கவே மாட்டேன் என்கிறது என்று வருந்துகிற பலர், மனிதன் குளிப்பதைப்போல அது உச்சி முதல் வால் வரை நனைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எந்தக் கிளி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் தோப்பிலும் கோயில் கோபுரத்திலும் பறக்கிற பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் இந்தப் பேச்சு வெளிநாட்டு இனங்களைப் பற்றியது: காக்கடீல், சன் கோனூர், ஆப்பிரிக்கன் கிரே, பிறகு நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் விற்கிற பட்ஜி. சன் கோனூர், கிரே போன்றவற்றுக்கு மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு வேண்டும். பழைய உரிமையாளரிடமிருந்து வாங்கும்போதே அந்தத் தாள்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கிளிக்குத் தண்ணீர் எதற்கு? அழுக்குப் போக என்று நினைப்போம். அது பாதிதான். காக்கடீலுக்கும் கிரேக்கும் உடம்பில் பொடி இறகு என்று ஒரு வகை உண்டு. அதன் நுனி உதிர்ந்து உதிர்ந்து வெள்ளை மாவாகிக்கொண்டே இருக்கும். கூண்டைச் சுற்றி டிவி மேலும் அலமாரி மேலும் படிகிற வெள்ளைத்தூள் அதுதான். குளியல் அந்த மாவை அடக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அடுத்தது, இறகு நனைந்தால் பறவை கோதத் தொடங்கும். கோதும்போதுதான் இறகின் பிரிந்த இழைகள் மறுபடி ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்கின்றன. இறகு உதிர்ந்து புதிது முளைக்கிற காலத்தில் தலையிலும் கழுத்திலும் முள் முள்ளாக நிற்குமே, அந்தக் குருத்துகளின் மேலுறை ஈரத்தில் இளகி எளிதாக உதிரும். அந்த நாட்களில் கிளிக்கு அரிப்பு அதிகம். தண்ணீர் அதற்கு இதம்.

ஆனால் வந்த அன்றே குளியல் வேண்டாம். முதல் இரண்டு வாரம் கூண்டு, குரல்கள், சாப்பாட்டு நேரம் இவை பழகட்டும். பறவை மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலிலும் தூங்கிக்கொண்டிருக்கும் பறவையை நனைக்கக் கூடாது. அதன் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல். இறகுக்கு நடுவே தேங்கியிருக்கிற காற்றுதான் அந்தச் சூட்டைக் காக்கிற போர்வை. நனைந்தால் போர்வை போயிற்று. நல்ல உடம்போடு இருக்கிற பறவை சமாளித்துவிடும், நோயாளிப் பறவையால் முடியாது.

பழைய உரிமையாளரிடம் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: கிளி கத்தினால் என்ன செய்வீர்கள்? சத்தத்தை நிறுத்த முகத்தில் தண்ணீர் அடிக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அப்படி வளர்ந்த கிளிக்கு ஸ்பிரே பாட்டில் என்றால் பிரம்பு மாதிரி. பாட்டிலைக் கண்டாலே கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும். அதற்கு மாதக்கணக்கில் பாட்டிலே வேண்டாம், பின்னால் சொல்லப்போகிற தட்டுக் குளியலும் இலைக் குளியலும் மட்டும் போதும்.

தமிழில் குளிப்பது வேறு, குளிப்பாட்டுவது வேறு. குழந்தையைக் குளிப்பாட்டலாம், நாயைக் குளிப்பாட்டலாம். கிளியிடம் அந்த 'ஆட்டு' வேலை செல்லாது. கையில் இறுக்கிப் பிடித்துக் குழாயடியில் காட்டினால் என்ன ஆகும்? பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சை அழுத்திப் பிடித்தால் மூச்சு தடைப்படும். திமிறும்போது மூக்கில் தண்ணீர் ஏறும். ரத்தம் ஓடுகிற இளங்குருத்து முறிந்தால் ரத்தம் கொட்டும். இதெல்லாம் நடக்காமல் தப்பினாலும், உங்கள் கையைப் பார்த்தால் இனி அது ஓடும்.

முதல் வழி தட்டு. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண் தட்டு இதற்கு மிகவும் பொருத்தம். கனமாக இருப்பதால் கவிழாது, சொரசொரப்பு இருப்பதால் கால் வழுக்காது. பளபள ஸ்டீல் தட்டில் கால் வழுக்குவதோடு தன் உருவமும் தெரிவதால் சில பறவைகள் மிரளும். காக்கடீலுக்கு ஒரு விரற்கடை ஆழம், அதாவது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் போதும். பட்ஜிக்கு அதிலும் பாதி. கிரேக்கு 4 சென்டிமீட்டர் வரை வைக்கலாம், வயிற்றுக்கு மேல் ஏறக் கூடாது. முதல் மூன்று நாள் தண்ணீர் இல்லாமலே தட்டைக் கூண்டுத் தரையில் வைத்து, அதில் நாலு மணி தினை போடுங்கள். ஏறி இறங்கித் தின்னப் பழகியதும், அடி நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர். கிளி விளிம்பைச் சுற்றி வரும், அலகு நுனியை விட்டுப் பார்க்கும், தலையை உதறும். அன்றைக்கு அவ்வளவே நடந்தாலும் நல்ல முன்னேற்றம்தான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் எச்சமும் உமியும் விழுந்து, அதையே குடித்து வயிறு கெடும்.

இரண்டாவது வழி இலை. பட்ஜிக்கும் கோனூருக்கும் இதைவிட எளிதானது இல்லை. கொத்தமல்லிக் கட்டையோ முருங்கைக் கொத்தையோ பூச்சிமருந்து போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, உதறாமல் சொட்டச் சொட்டக் கூண்டின் மேல்கம்பியில் துணிக் கிளிப்பால் மாட்டுங்கள். தின்னப் போகிற பறவை கன்னத்தை இலையில் உரசும், பிறகு கழுத்தை, பிறகு நெஞ்சை. அதிகாலைப் பனியில் நனைந்த இலைகளில் காட்டுப் பறவைகள் செய்வது இதுதான்.

மூன்றாவது ஸ்பிரே. பெரிய கிளிகளுக்கு இது நன்றாக ஒத்துவரும், கெடுப்பதும் இதில்தான் எளிது. பாட்டில் புதிதாக இருக்க வேண்டும். கண்ணாடி துடைக்கிற திரவம் இருந்ததைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையே வேண்டாம். சலூனில் வைத்திருப்பார்களே, ஒருமுறை அழுத்தினால் புகைமாதிரி மெல்லிய துளியாக வருவது, அது நல்லது. விசை இழுத்தால் 'ப்ஷிக்' என்று சீறுகிற வகையில் பாதிப் பறவைகள் தண்ணீருக்கு முன்னால் அந்தச் சத்தத்துக்கே பயப்படுகின்றன.

பாட்டிலைக் கூண்டிலிருந்து ஆறடி தள்ளி, கண்ணில் படுகிற இடத்தில் சும்மா வையுங்கள். பறவை வழக்கம்போலத் தின்கிறதா? அப்படியானால் நாளுக்கு ஓர் அடி நெருக்குங்கள். இரண்டடிக்கு வந்ததும் ஒரு கையில் பாட்டிலும் மறுகையில் தினைக்கதிருமாக நில்லுங்கள். அடுத்தது சத்தம்: பறவைக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி இரண்டு முறை அழுத்தி, உடனே கதிரைக் கொடுங்கள். சத்தம் கேட்டால் தினை வரும் என்று அதற்குப் புரிய நாலைந்து நாள் ஆகும், பத்து நாளும் ஆகலாம். பிறகுதான் தண்ணீர். நேராக அடிக்காதீர்கள். மூன்றடி தள்ளி நின்று, பறவையின் தலைக்கு மேலே காற்றில் தெளித்தால் துளிகள் தாமாக இறங்கும். அதற்கு அது தூறல். முகத்துக்கு நேரே வந்தால் தாக்குதல். கூண்டின் பாதி மட்டும் நனையட்டும், வேண்டாமென்றால் ஒதுங்க உலர்ந்த மறுபாதி இருக்க வேண்டும். முதல் நாள் நாலு அழுத்து, அவ்வளவுதான். பயந்தால் முந்தின நாள் தூரத்துக்கே திரும்பிப் போங்கள்.

பயமா பிரியமா என்று உடம்பே சொல்லும். பிடித்திருந்தால் இறகு உப்பும், சிறகு இரண்டும் சற்றே விரிந்து தொங்கும், வால் விசிறியாகும், உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கக்கத்தைக் காட்டும். காக்கடீல் தலைகீழாகத் தொங்கிச் சிறகை விரித்துவிட்டால் வேறு சான்று வேண்டாம். பயந்தால் இறகு உடம்போடு ஒட்டி, பறவை குச்சிபோல் ஒல்லியாக நிமிரும். காக்கடீலின் கொண்டை செங்குத்தாக விறைக்கும். கொண்டையைத் தலையோடு படியவைத்துச் சீறினால் 'கிட்டே வராதே' என்று அர்த்தம். கிரே உறுமும். வாய் திறந்து மூச்சு வாங்கினால் அன்றைக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். பொடி இறகுள்ள பறவைமேல் முதலில் விழுகிற தண்ணீர் தாமரை இலைமேல் விழுந்ததுபோல முத்து முத்தாக உருண்டு விழும். நனையவே இல்லையே என்று தொப்பலாக அடிக்காதீர்கள். மேல்பூச்சாக ஈரம் பட்டாலே கோதத் தொடங்கிவிடும்.

தண்ணீர் நாம் குடிக்கிற தண்ணீராகவே இருக்கட்டும். உப்புப் போர்த் தண்ணீர் காய்ந்தால் இறகில் வெண்திட்டு விடும். தட்டுக்குச் சாதாரணத் தண்ணீர், ஸ்பிரேக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பு, ஏனென்றால் மெல்லிய துளி காற்றில் வரும்போதே குளிர்ந்துவிடும். கோடை மதியத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், மணிக்கட்டில் விட்டுப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். அதில் எதையும் கலக்க வேண்டாம். மஞ்சள், வேப்பெண்ணெய், ஷாம்பு, குழந்தை சோப்பு, கிருமிநாசினி எதுவும் ஆகாது. கோதும்போது இறகில் இருப்பதெல்லாம் வயிற்றுக்குப் போகும். எண்ணெய் பட்டால் இறகிழைகள் ஒட்டிக்கொண்டு சூடு காக்கிற வேலை கெடும். பேன் மாதிரித் தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

குளியலறைக்குத் தோளில் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. குழாய்ச் சத்தம் கேட்டால் கிளிக்கும் ஆசை வரும் என்பது உண்மைதான். ஆனால் நம் குளியலறையில் ஆபத்து அதிகம். நிறைந்த பக்கெட்டில் விழுந்த கிளி ஏறி வர முடியாமல் மூழ்கும். சாக்கடை மூடிமேல் போட்ட அந்துருண்டை, ஆசிட், பினாயில் இவற்றின் நெடி பறவையின் நுரையீரலுக்கு விஷம். பக்கெட்டைக் கவிழ்த்து, அந்துருண்டையை எடுத்து, நெடியே இல்லை என்றானபின் கொண்டு போங்கள்.

நேரம், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். இருட்டுவதற்குள் முழுக்க உலர வேண்டும். மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிடுங்கள். ஈரச்சிறகோடு பறக்கிற கிளிக்குத் திருப்பம் சரியாக வராது, ஓடுகிற விசிறியில் அடிபடும். துண்டால் தேய்க்கக் கூடாது. ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். சூடு ஒரு காரணம். சில டிரையர்களுக்குள் டெஃப்லான் வகைப் பூச்சு இருக்கிறது, அது அதிகம் சூடானால் வருகிற புகை பறவையை நிமிடங்களில் கொல்லும் என்பது இன்னொரு காரணம். இளவெயில் பாதி, நிழல் பாதி விழுகிற இடத்தில் கூண்டை வைத்து, பூனை வராமல் பக்கத்திலேயே இருங்கள். சிறகைத் தூக்கி வைத்துக்கொண்டு மூச்சிரைத்தால் உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். கோடையில் கேட்டால் தினமும் வைக்கலாம், அடைமழைக் குளிரில் வாரம் ஒன்று. மீந்த தண்ணீரைப் பாட்டிலில் விட்டுவைக்காதீர்கள். நின்ற தண்ணீரில் கிருமி பெருகும், அடுத்த முறை அதையே பறவையின் மூக்குக்குத் தெளிப்பீர்கள். கொட்டி, அலசி, கவிழ்த்துக் காயவையுங்கள். மண் தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் போடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு மாதமாகத் தட்டைத் திரும்பிப் பார்க்காத கிளியும் இருக்கும். குடிக்கிற கிண்ணத்தைக் கவனியுங்கள். மிக்ஸி ஓடும்போதோ வெளியே மழை இரைச்சல் கேட்கும்போதோ கிண்ணத்தில் தலையை விட்டு, நெஞ்சை நனைத்து, சிறகை உதறிக் கூண்டெல்லாம் தெறிக்கவிடுகிறதா? குளிக்கக் கேட்கிறது. தட்டை வைக்க வேண்டிய நேரம் அதுதான். கிண்ணத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, நாலடி தள்ளிப் போய் வேறு வேலை பார்ப்பதுபோல் நில்லுங்கள். அது குளித்து முடித்தபின் கிண்ணத்துத் தண்ணீரை மறக்காமல் மாற்றுங்கள்.

வணக்கம்.