ஒன்றைக் கூட்ட ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன்: பர்-சிபியு மாறிகள்

வணக்கம் நண்பர்களே. லினக்ஸ் கர்னலில் இன்றைக்குப் பர்-சிபியு மாறிகளைப் பார்க்கலாம். "ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு நகல், அவ்வளவுதானே" என்று வீடியோவை மூடிவிடாதீர்கள். நகல் வைப்பது எளிது. அதை எவ்வளவு மலிவாகத் தொடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எதற்கு இது என்பதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பல கோர்கள் ஒரே கவுன்ட்டரைக் கூட்டிக்கொண்டே இருந்தால், அது இருக்கும் 64 பைட் கேஷ் லைன் (கோர் நினைவகத்திலிருந்து ஒரே முறையில் எடுத்துவைக்கும் துண்டு) கோருக்குக் கோர் அலைந்துகொண்டே இருக்கும். இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு லாக் முன்னொட்டு (மற்ற கோர்கள் நடுவில் புகாமல் தடுப்பது) போட்டால் கணக்கு சரியாக வரும், வேகம் போய்விடும். தனி நகல் வைத்தால் இந்த அலைச்சல் இல்லை.

சரி, என் நகல் எங்கே இருக்கிறது? நேர்வழியில் போனால், சிபியு எண்ணை எடுத்து, அதன் நகல் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஆஃப்செட் அட்டவணையில் பார்த்து, முகவரி கணக்கிட்டு, மதிப்பைப் படித்து, கூட்டி, திரும்ப எழுத வேண்டும். நடுவில் ஷெட்யூலர் (எந்த வேலை எந்த சிபியுவில் ஓடும் என்று முடிவு செய்யும் பகுதி) நம்மை வேறு சிபியுவுக்குத் தூக்கிப் போட்டால்? கையில் பழைய சிபியுவின் முகவரி, ஓடுவதோ புதிய சிபியுவில். அதனால் முன்னால் ப்ரீஎம்ப்ஷனை (ஓடும் வேலையை இடையில் விலக்கி வேறொன்றை ஓடவிடுவதை) நிறுத்து, பின்னால் திறந்துவிடு. ஒன்றைக் கூட்டுவதற்கு இத்தனை சடங்கு.

இப்போது திரையில் பாருங்கள், எக்ஸ்86-64-இல் (இன்டெல், ஏஎம்டி சிபியு வகை) நம் சிபியுவின் நகலில் ஒன்றைக் கூட்டும் திஸ்_சிபியு_இன்க் எப்படி இன்ஸ்ட்ரக்‌ஷனாக மாறுகிறது என்று. ஒரே வரி! ஜிஎஸ் ரெஜிஸ்டரின் (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) பேஸில், அதாவது தொடக்க முகவரியில், கர்னல் ஓடும்போது அந்த சிபியுவின் பர்-சிபியு இருப்பிடம் எப்போதும் தயாராக இருக்கிறது. பயனர் நிரலிலிருந்து கர்னலுக்குள் நுழையும்போது ஸ்வாப்ஜிஎஸ் என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் அதை மாற்றிவைக்கிறது. முகவரி கண்டுபிடிப்பதும் கூட்டுவதும் ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனுக்குள் முடிந்துவிடுகின்றன. இன்டரப்ட் வந்தால் இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு முன்னால் வரும் அல்லது பின்னால் வரும், நடுவில் வராது. ஆகவே லாக்கும் வேண்டாம், ப்ரீஎம்ப்ஷனை நிறுத்தவும் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: எக்ஸ்சேஞ்ச், அதாவது பழைய மதிப்பை எடுத்துக்கொண்டு புதியதை வைப்பது. எக்ஸ்86-இல் அதற்கான எக்ஸ்சிஹெச்ஜி இன்ஸ்ட்ரக்‌ஷன் நினைவகத்தைத் தொட்டால், நீங்கள் கேட்காமலே லாக் ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்கக் கர்னல் லாக் இல்லாத சிஎம்பிஎக்ஸ்சிஹெச்ஜியை (மதிப்பு எதிர்பார்த்தபடி இருந்தால் மட்டும் மாற்றுவது) ஒரு லூப்பில் போடுகிறது. பார்க்கச் சுற்றுவழி, ஆனால் அதுவே மலிவு.

ஆர்ம்64-க்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே பேஸ் டிபிஐடிஆர் ரெஜிஸ்டரில் இருக்கிறது. அதை முதலில் ஒரு சாதாரண ரெஜிஸ்டருக்கு எடுத்து, முகவரி கூட்டி, அப்புறம்தான் நினைவகத்தைத் தொட முடியும். அந்த இடைவெளியில் இடம் மாறிவிடலாம் என்பதால் ப்ரீஎம்ப்ஷனை நிறுத்தியே ஆக வேண்டும். கர்னல் எழுதுபவருக்கு இரண்டிலும் அதே திஸ்_சிபியு_இன்க்தான். அடியில் விலை வேறு. எக்ஸ்86-இல் மட்டும் அளந்துவிட்டு "இது இலவசம்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

இன்னொரு பொறி. திஸ்_சிபியு_இன்க் அட்டாமிக்தானே (நடுவில் யாரும் புக முடியாதது) என்று அடுத்த சிபியுவின் நகலை எட்டி எழுதாதீர்கள். அதன் பாதுகாப்பு அந்த சிபியுவுக்குள் மட்டும்தான். வெளியிலிருந்து எழுதினால் எண்ணிக்கை சத்தமில்லாமல் தொலையும். எல்லா நகல்களையும் படித்துக் கூட்டலாம். ஆனால் கூட்டி முடிப்பதற்குள் முதலில் படித்தது மாறியிருக்கும். புள்ளிவிவரத்துக்கு அது போதும், வரம்பு சரிபார்க்கப் போதாது. அதற்கு பர்சிபியு_கவுன்ட்டர் இருக்கிறது: உள்ளூர் எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டும்போது மட்டும் பொதுக் கணக்கில் சேர்க்கும், தேவைப்பட்டால் துல்லியமாகவும் கூட்டித் தரும்.

பயனர் நிரலில் இது முடியுமா? முடியும். 2018-இல் லினக்ஸ் 4.18-இல் ஆர்செக் என்ற வசதி வந்தது. சிறு குறியீட்டுத் துண்டு ஓடும்போது சிபியு மாறினால், கர்னல் அதைப் பாதியில் தொடரவிடாமல் நீங்கள் குறித்த அபார்ட் (கைவிட்டு வெளியேறும்) இடத்துக்குத் தள்ளிவிடும். அங்கிருந்து மறுபடி தொடங்கிக்கொள்ளலாம்.

உங்களிடம் எக்ஸ்86 விஎம்லினக்ஸ் (தொகுக்கப்பட்ட கர்னல்) கோப்பு இருந்தால் ஆப்ஜ்டம்ப்பில் (இன்ஸ்ட்ரக்‌ஷன்களைப் பிரித்துக் காட்டும் கருவி) போட்டு ஜிஎஸ் என்று தேடிப் பாருங்கள். ப்ரீஎம்ப்ஷன் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று குறித்துவைக்கும் ப்ரீஎம்ப்ட் கவுன்ட்டே அங்கே ஒரு பர்-சிபியு மாறிதான். ப்ரீஎம்ப்ஷனை நிறுத்துவதும் அதே மாதிரி ஒற்றை வரி. அடுத்த வீடியோவில் கர்னலுக்குள் நினைவகம் ஒதுக்கித் தரும் ஸ்லப் அலக்கேட்டர் இதை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்க்கலாம்.